ஆங்கிலத்தில் பாடங்களின் பெயர்: எங்கே பெரிய எழுத்து, எங்கே சிறிய எழுத்து? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி விண்ணப்பம், ரெஸ்யூமே, உதவித்தொகைக் கடிதம், ஆய்வுக் கட்டுரை என்று ஆங்கிலத்தில் எதை எழுத உட்கார்ந்தாலும், நாம் படித்த பாடத்தின் பெயர் அதில் வராமல் இருக்காது. அந்தப் பெயரின் முதல் எழுத்தைக் கேப்பிட்டலாகப் போடுவதா வேண்டாமா என்ற ஐயமும் உடன் வரும். மாணவர்களின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும்போது நான் அதிகமாகச் சுழிப்பது இந்த எழுத்துகளைத்தான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே விரிவாகத் தந்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால், எந்தச் சொல் எந்த எழுத்தில் தொடங்கும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியே செல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் விதி என்ன?

வாக்கியத்தின் நடுவே ஒரு பாடத்தைப் பொதுவாகக் குறிப்பிடும்போது அதன் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். 'ஹிஸ்டரி', 'பிசிக்ஸ்', 'கெமிஸ்ட்ரி', 'மேத்தமேட்டிக்ஸ்', 'எகனாமிக்ஸ்', 'காமர்ஸ்', 'சைக்காலஜி' எல்லாமே இதில் அடங்கும். இதற்கு விலக்குகள் மூன்று. மொழி, நாடு, மக்கள், ஆள் ஆகியவற்றின் பெயர் பாடத்தின் பெயருக்குள் இருந்தால் அந்தச் சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். ஒரு குறிப்பிட்ட வகுப்பின் முறையான தலைப்பாக வந்தால் பெரிய எழுத்து. துறை, நிறுவனம், பட்டம் போன்றவற்றின் முழுப் பெயருக்குள் வந்தால் பெரிய எழுத்து. நூல் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு, செய்தித்தாள்கள் பின்பற்றும் ஏ.பி. கையேடு, உளவியல் முதலிய சமூக அறிவியல் துறையினர் பின்பற்றும் ஏ.பி.ஏ. கையேடு ஆகிய மூன்றும் இந்த அடிப்படையில் ஒத்துப்போகின்றன. பட்டங்களையும் துறைகளையும் எழுதும் முறையில்தான் அவற்றுக்குள் சில வேறுபாடுகள் உண்டு. அவற்றைக் கீழே பார்க்கலாம்.

'பிசிக்ஸ்' என்பதும் ஒரு பெயர்தானே? முக்கியமான பாடத்தைச் சிறிய எழுத்தில் எழுதுவது அதைக் குறைத்துக் காட்டாதா?

பெரும்பாலான பிழைகளுக்கு இந்த எண்ணமே வேர் என்பதால் இதற்குச் சற்று நீளமாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக் குறியன்று. 'அவர்' என்றும் 'அவன்' என்றும் நாம் வேறுபடுத்துவதைப் போன்ற உயர்வு தாழ்வு அதில் இல்லை. அது சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சொல் உலகில் ஒரே ஒன்றாக இருக்கும் ஒரு குறிப்பிட்ட பொருளின் பெயர், அதாவது சிறப்புப்பெயர். மதுரை ஒரே ஊர். ஆகவே அதற்குப் பெரிய எழுத்து. நகரம் என்பது ஓர் இனம். எவ்வளவு பெரிய நகரமானாலும் 'சிட்டி' என்ற சொல் தனியாக வரும்போது சிறிய எழுத்துத்தான். இயற்பியலும் இப்படித்தான் கருதப்படுகிறது. ஆயிரம் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் நடப்பது அது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரிய தனிப்பெயர் அன்று. மருத்துவம், சட்டம், கணிதம் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். 'மெடிசின்' என்பதை ஒரு மருத்துவப் பேராசிரியர் சிறிய 'எம்' போட்டு எழுதும்போது அவர் தம் தொழிலைத் தாழ்த்திக்கொள்வதாக எந்த ஆங்கில வாசகரும் நினைப்பதில்லை. மாறாக, எல்லாப் பாடங்களுக்கும் பெரிய எழுத்துப் போட்ட கடிதம் தேர்ந்த வாசகருக்கு உடனே உறுத்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த வழக்கம் என்றென்றைக்கும் இப்படியே இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நூல்களில் பொதுப்பெயர்களும் பெரிய எழுத்தில் தொடங்குவதைப் பரவலாகக் காணலாம். 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில், காப்புரிமைக்கு அடிப்படையான பிரிவு அறிவியலையும் பயனுள்ள கலைகளையும் வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. அந்த வரியில் 'சயின்ஸ்' பெரிய 'எஸ்' கொண்டும் 'ஆர்ட்ஸ்' பெரிய 'ஏ' கொண்டும் இருக்கின்றன. ஆகவே பழைய நூல் ஒன்றில் பார்த்ததை வைத்து இன்று வாதிட முடியாது. ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் இன்றும் பெரிய எழுத்துத்தான். அங்கே 'பிசிக்' பெரிய 'பி' பெறும்.

அப்படியானால் 'இங்கிலிஷ்', 'தமிழ்' ஆகிய பாடங்களுக்கு மட்டும் ஏன் பெரிய எழுத்து?

அவை பாடங்கள் என்பதற்காக அந்த எழுத்தைப் பெறவில்லை. மொழிகளின் பெயர்கள் என்பதற்காகப் பெறுகின்றன. ஆங்கிலத்தில் மொழி, நாடு, இனம் ஆகியவற்றின் பெயர்களும் அவற்றிலிருந்து வரும் அடைச்சொற்களும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். அதனால், பள்ளியில் தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதினால், முதல் இரண்டும் பெரிய எழுத்திலும் மற்ற மூன்றும் சிறிய எழுத்திலும் அமையும். வரிசை மேடுபள்ளமாகத் தெரிகிறது என்று பலர் கடைசி மூன்றையும் பெரிதாக்கிவிடுகிறார்கள். அந்த மேடுபள்ளம்தான் சரி. அதை நிரவக் கூடாது. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் மொழிப் பெயர்களுக்கும் சிறிய எழுத்துத்தான் என்பதால், அவற்றைப் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருபவர்கள் இதற்கு நேர்மாறான பிழையைச் செய்வதுண்டு.

'தமிழ் லிட்டரேச்சர்', 'இந்தியன் ஹிஸ்டரி' போல இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தால்?

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 'தமிழ்' பெரிய 'டி' பெறும். 'லிட்டரேச்சர்' சிறிய 'எல்' பெறும். 'இந்தியன் ஹிஸ்டரி'யில் 'ஐ' பெரியது, 'ஹெச்' சிறியது. 'சவுத் ஏஷியன் ஸ்டடீஸ்' என்பதில் முதல் இரண்டு சொற்களும் ஒரு நிலப்பகுதியின் பெயர் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கும். 'ஸ்டடீஸ்' சிறியதாகவே நிற்கும். 'கர்நாட்டிக் மியூசிக்' என்பதில் 'கர்நாட்டிக்'குக்கு மட்டும் பெரிய எழுத்து.

காலங்களைக் குறிக்கும் அடைச்சொற்களில் கவனம் வேண்டும். 'ஏன்ஷியன்ட்', 'மெடீவல்', 'மாடர்ன்' ஆகியவை பொதுச்சொற்கள். இடைக்கால வரலாறு என்பதை எழுதும்போது இரண்டு சொற்களும் சிறியவை. ஆனால் சங்க இலக்கியத்தில் 'சங்கம்' பெரிய எழுத்தில் தொடங்கும். சோழர் வரலாற்றில் 'சோழ' பெரிய எழுத்தில் தொடங்கும். விக்டோரியா அரசியின் பெயரிலிருந்து வந்த 'விக்டோரியன்', ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தைக் குறிக்கும் 'ரினைசான்ஸ்' ஆகியவையும் அப்படியே.

அறிவியல், கணிதப் பிரிவுகளில் ஆள் பெயர்கள் நிறைய வரும். 'யூக்ளிடியன் ஜியாமெட்ரி', 'நியூட்டோனியன் மெக்கானிக்ஸ்', 'பூலியன் ஆல்ஜிப்ரா', 'பேசியன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', 'ஃபூரியே அனாலிசிஸ்' என்பவற்றில் முன்சொல்லுக்குப் பெரிய எழுத்து, பின்சொல்லுக்குச் சிறிய எழுத்து. அதே வேளையில், ஆள் பெயரிலிருந்து பிறந்தும் மூலம் மறந்துபோன சொற்கள் சிறிய எழுத்துக்கு வந்துவிட்டன. 'அல்காரிதம்' என்பது அல்-குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. இன்று யாரும் அதைப் பெரிய எழுத்தில் தொடங்குவதில்லை. 'பாஸ்டரைசேஷன்' என்பதற்கும், அதில் லூயி பாஸ்டரின் பெயர் தெளிவாகத் தெரிந்தும், இதே நிலைதான். இத்தகைய சொற்களில் ஊகத்தை நம்பாமல் அகராதியைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரே சொல்லாக ஒட்டிய பாடப் பெயர்களிலும் அகராதியே துணை: 'சோஷியாலஜி', 'ஆந்த்ரபாலஜி' சிறியவை, நாட்டின் பெயரை உள்ளே கொண்ட 'இண்டாலஜி', 'எகிப்டாலஜி' பெரியவை.

வகுப்பின் பெயரை எழுதும்போது என்ன செய்வது?

பாடத்தையும் வகுப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருளாதாரம் படித்தேன் என்றால் அது பாடம். 'எகனாமிக்ஸ்' சிறிய 'இ' பெறும். பாடத்திட்டத்தில் 'இன்ட்ரொடக்‌ஷன் டு எகனாமிக்ஸ்' என்ற தலைப்பில் அச்சிட்டிருக்கும் தாளைப் படித்தேன் என்றால் அது ஒரு குறிப்பிட்ட வகுப்பின் பெயர். 'டு' நீங்கலாக மற்ற இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். எண் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான்: 'ஹிஸ்டரி 101', 'பிசிக்ஸ் 2' ஆகியவை வகுப்புப் பெயர்கள். வளர்ச்சி உளவியல் பற்றி ஒரு வகுப்பில் சேர்ந்தேன் என்று பொதுவாகச் சொன்னால் சிறிய எழுத்து. 'டெவலப்மென்டல் சைக்காலஜி' என்னும் தலைப்புள்ள வகுப்பில் சேர்ந்தேன் என்றால் பெரிய எழுத்து. ஏ.பி.ஏ. கையேடு இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்கிறது.

இலங்கையில் க.பொ.த. உயர்தரம், அதாவது பள்ளிப் படிப்பின் இறுதித் தேர்வு, எழுதியவர்களுக்கு இது அடிக்கடி வரும். 'கம்பைண்ட் மேத்தமேட்டிக்ஸ்' என்பது அங்கே தேர்வுத் துறை வைத்த பாடப் பெயர், அதாவது இணைந்த கணிதம். அந்தத் தேர்வுப் பாடத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும்போது இரண்டு சொற்களுக்கும் பெரிய எழுத்துப் போடுவது பொருத்தம். இல்லாவிட்டால் எதையெதையோ சேர்த்துப் படித்த கணிதம் என்று வெளிநாட்டு வாசகர் பொருள் கொள்ளக்கூடும். தமிழ்நாட்டின் பிளஸ் டூவில் 'சயின்ஸ் குரூப்', 'காமர்ஸ் குரூப்' என்று நாம் வழங்குபவை வகைப்பெயர்களே. வாக்கியத்தில் அவற்றுக்குச் சிறிய எழுத்துப் போதும்.

துறையின் பெயர்?

முழுப் பெயர் வந்தால் பெரிய எழுத்து. 'டிபார்ட்மென்ட் ஆஃப் ஹிஸ்டரி' என்று சிகாகோ முறையில் எழுதும்போது 'ஆஃப்' தவிர மற்றவை பெரியவை. பேச்சுவழக்காக 'ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்' என்று திருப்பிச் சொன்னால் இரண்டும் சிறியவை. 'இங்கிலிஷ் டிபார்ட்மென்ட்' என்றால் 'இங்கிலிஷ்' மட்டும் பெரியது. ஏ.பி. கையேடு இன்னும் கண்டிப்பானது: பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒட்டி, முறையான முழுப் பெயராக வரும்போது மட்டுமே துறைக்குப் பெரிய எழுத்தைத் தருகிறது.

நிறுவனப் பெயர்களில் ஐயமே வேண்டாம். பெங்களூரில் உள்ள 'இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்', சென்னைத் தரமணியில் உள்ள 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மேத்தமேட்டிகல் சயின்சஸ்' ஆகியவற்றில் பாடச் சொற்கள் நிறுவனப் பெயருக்குள் அடங்கிவிட்டதால் அவையும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். அங்கே பணியாற்றும் ஒருவர் ஆராய்வது மட்டும் சிறிய எழுத்தில் தொடங்கும் 'மேத்தமேட்டிக்ஸ்'.

பட்டங்களை எப்படி எழுதுவது? ரெஸ்யூமேயில் எல்லாமே பெரிய எழுத்தில்தானே இருக்கின்றன?

ரெஸ்யூமேயில் கல்வித் தகுதி ஒரு பட்டியலாக வருகிறது; ஒவ்வொரு வரியும் ஒரு தலைப்புப் போன்றது. அங்கே 'பி.இ., மெக்கானிக்கல் இன்ஜினியரிங்' என்று எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குவது முறைதான். சான்றிதழ், பெயர் அட்டை ஆகியவற்றுக்கும் அது பொருந்தும். சிக்கல் அதே வரியைக் கடிதத்தின் வாக்கியத்துக்குள் அப்படியே கொண்டுவந்து வைக்கும்போதுதான் வருகிறது.

வாக்கியத்தில் 'பேச்சலர்ஸ் டிகிரி', 'மாஸ்டர்ஸ் டிகிரி' என்று பொதுவாகச் சொன்னால் எல்லாக் கையேடுகளிலும் சிறிய எழுத்துத்தான். 'பேச்சலர் ஆஃப் சயின்ஸ்' என்று பட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லும்போது கையேடுகள் பிரிகின்றன: ஏ.பி. பெரிய எழுத்தைக் கேட்கிறது. சிகாகோ வாக்கியத்துக்குள் சிறிய எழுத்தே போதும் என்கிறது. இந்தியக் கல்லூரிகளும் முதலாளிகளும் பெரிய எழுத்துக்குப் பழகியிருப்பதால், வேலைக்கான கடிதத்தில் ஏ.பி. முறையைக் கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பலரைத் தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. 'பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங் இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்' என்ற தொடரில் 'இன்ஜினியரிங்' இரண்டு முறை வருகிறது. முதலாவது பட்டத்தின் பெயருக்குள் இருக்கிறது; ஏ.பி. முறைப்படி அதற்குப் பெரிய 'இ'. இரண்டாவது அந்தப் பட்டத்தை எந்தப் பாடத்தில் பெற்றோம் என்று சொல்கிறது. அதற்குச் சிறிய 'இ'. ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரு வகையாக நிற்பது பிழையன்று. இதற்கு மாறாக, 'பேச்சலர் ஆஃப் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்', 'மாஸ்டர் ஆஃப் சோஷியல் வொர்க்' போன்றவற்றில் பாடமே பட்டத்தின் பெயராக இருப்பதால் 'ஆஃப்' தவிர எல்லாம் பெரியவை.

சுருக்கங்களில் பெரிய சிறிய எழுத்துகளின் வரிசை மாறாது: 'பி.எஸ்சி.'யில் 'சி' மட்டும் சிறியது, 'பிஹெச்.டி.'யில் 'ஹெச்' மட்டும் சிறியது.

பேராசிரியர் பதவி, பரிசு ஆகியவற்றோடு பாடம் வந்தால்?

சர் சி.வி. ராமனைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர் ஓர் இயற்பியல் பேராசிரியர் என்று எழுதினால் 'புரொபசர் ஆஃப் பிசிக்ஸ்' முழுவதும் சிறிய எழுத்துகள். எத்தனையோ இயற்பியல் பேராசிரியர்களில் அவரும் ஒருவர் என்பதே அங்கே செய்தி. ஆனால் 1917-ல் அரசின் நிதித்துறை வேலையை விட்டுவிட்டு அவர் ஏற்றது, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தாரக்நாத் பாலித்தின் கொடையால் அமைந்த 'பாலித் புரொபசர் ஆஃப் பிசிக்ஸ்' என்னும் பதவி. அது ஒரே ஓர் இருக்கையின் பெயர். ஆகவே 'ஆஃப்' நீங்கலாக மூன்று சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும். கேம்பிரிட்ஜில் 1663-ல் நிறுவப்பட்டு 1669 முதல் நியூட்டன் வகித்த 'லூகாசியன் புரொபசர் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' பதவியும் இத்தகையதே.

நோபல் பரிசில் கையேடுகள் மீண்டும் பிரிகின்றன. ராமன் 1930-லும், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-லும் பெற்றது இயற்பியலுக்கான பரிசு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் பெற்றது வேதியியலுக்கான பரிசு. 'நோபல் பிரைஸ் இன் பிசிக்ஸ்' என்பதைப் பரிசின் முழுப் பெயராகக் கொண்டு சிகாகோ 'பிசிக்ஸ்'க்கும் பெரிய எழுத்தைத் தருகிறது, ஏ.பி. 'நோபல் பிரைஸ்' வரை மட்டும் பெரிதாக்கி, பாடத்தைச் சிறிய எழுத்தில் விடுகிறது. ஒரே நிகழ்வைப் பற்றிய செய்தித்தாள் குறிப்பும் நூலின் குறிப்பும் இந்த இடத்தில் வேறுபட்டால் இரண்டுமே சரிதான்.

'ஏ.ஐ.', 'ஐ.டி.' என்று பெரிய எழுத்தில் சுருக்குகிறோம். விரித்து எழுதும்போதும் பெரிய எழுத்து வேண்டாமா?

வேண்டாம். சுருக்கம் பெரிய எழுத்துகளால் அமைவது சுருக்கத்தின் இயல்பு. விரிவுக்கு அது தொற்றாது. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்', 'இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி', 'மெஷின் லேர்னிங்' மூன்றும் வாக்கியத்துக்குள் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். பொறியியல் மாணவர்களின் கட்டுரைகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான்.

மதிப்பெண் சான்றிதழில் பாடங்கள் முழுவதும் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. அதை அப்படியே எழுதலாமா?

படிவத்தில் கேட்டால் அப்படியே நிரப்புங்கள். அது அச்சின் வடிவமைப்பு. எழுத்துமுறைக்கு அது சான்றாகாது. தலைப்புகளுக்கும் வாக்கியத்தின் முதல் சொல்லுக்கும் அவற்றுக்குரிய தனி விதிகள் இருப்பதால் அங்கே பாடப் பெயர் பெரிய எழுத்தைப் பெறுவதையும் சான்றாகக் கொள்ளக் கூடாது.

கணினியின் எழுத்துத் திருத்தி இதைக் காட்டிக்கொடுக்காதா?

பாதிதான். சிறிய எழுத்தில் தொடங்கும் 'இங்கிலிஷ்' கண்ணில் பட்டால் அது சிவப்புக் கோடு போடும். பெரிய எழுத்தில் தொடங்கும் 'பிசிக்ஸ்' எங்கேயாவது சரியாக இருக்கக்கூடியது என்பதால் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

ஆய்வு வழிகாட்டியோ இதழோ வேறு முறையைக் கேட்டால்?

அவர்கள் கேட்பதையே பின்பற்றுங்கள். பல கல்வி நிறுவனங்களுக்குச் சொந்த விதிமுறை உண்டு. சில தம் பாடங்களுக்கெல்லாம் பெரிய எழுத்தையே வேண்டும். எந்த முறையானாலும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பத்தியில் 'பயாலஜி' ஒரு முறை பெரியதாகவும் ஒரு முறை சிறியதாகவும் வருவதை எந்தக் கையேடும் ஏற்காது.

ஒரு முழுப் பத்தியில் இவற்றை எப்படிப் பொருத்துவது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் எஸ்.ஓ.பி.யின், அதாவது ஏன் அங்கே படிக்க விரும்புகிறோம் என்று விளக்கும் கட்டுரையின், முதல் பத்தி இப்படி இருப்பதாகக் கொள்வோம்: "பள்ளியில் எனக்கு இயற்பியலும் ஆங்கிலமும் பிடித்த பாடங்கள். பின்னர் மின் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றேன். மூன்றாம் ஆண்டில் படித்த 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' என்ற தாள் என்னை ஃபூரியே பகுப்பாய்வின் பக்கம் திருப்பியது. உங்கள் பல்கலைக்கழகத்தின் மின் பொறியியல் துறையில் முதுநிலை படிக்க விரும்புகிறேன்."

இதை ஆங்கிலத்தில் எழுதும்போது இயற்பியலுக்குச் சிறிய 'பி', ஆங்கிலத்துக்குப் பெரிய 'இ'. இளநிலைப் பட்டமும் அதைத் தொடரும் 'எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்'கும் முழுவதும் சிறியவை. தாளின் தலைப்பில் 'அண்ட்' தவிர இரண்டும் பெரியவை. 'ஃபூரியே'க்குப் பெரிய 'எஃப்', 'அனாலிசிஸ்'க்குச் சிறிய 'ஏ'. கடைசி வாக்கியத்தில் துறையின் முழுப் பெயரைப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்து எழுதினால் பெரிய எழுத்துகள். 'யுவர் டிபார்ட்மென்ட்', 'யுவர் யுனிவர்சிட்டி' என்று மட்டும் எழுதினால், நம் கடிதங்களில் மரியாதைக்காகப் பழகிவிட்ட அந்தப் பெரிய 'டி'யையும் பெரிய 'யு'வையும் எடுத்துவிட வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த ஆவணங்களில் தன்னைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்வதுண்டு. வெளியிலிருந்து எழுதும் விண்ணப்பதாரருக்கு அது தேவையில்லை.